பதினெட்டு வோல்ட்

முதல் கல்யாண நாளுக்குப் பட்டு.
கட்டினாள், கோயிலுக்குப் போனோம், மடித்து வைத்தாள்.
அடுத்த வருஷம் பாதாம் அல்வா, தகர டப்பாவில் ஒரு கிலோ.
அல்வா எனக்கு, டப்பா அவளுக்கு.
இன்றைக்கும் அதில் அரை அங்குலத் திருகாணிகள்,
குலுக்கினால் மழைச் சத்தம்.

இந்த வருஷம் தவறக் கூடாது.

உளவு பார்த்தேன்.
உமையாள் குளிக்கப் போன பத்து நிமிஷத்தில்
ஏணிக்குக் கீழிருந்த பெட்டியைத் திறந்து
டிரில்லின் காலடியிலிருந்து பேட்டரியைக் கழற்றி
அடியில் எழுதியிருந்ததையெல்லாம்
பால் கணக்கு நோட்டில் குறித்துக்கொண்டேன்.
புதுசுக்கும் இதே பேட்டரி பொருந்த வேண்டும்.
இல்லையென்றால்
இன்னொரு சார்ஜர், இன்னொரு பிளக், இன்னொரு சண்டை.
திரும்ப மாட்டத்தான் வரவில்லை.
உள்ளே தண்ணீர் விழும் சத்தம் நின்றது.
அப்படியே வைத்து மூடினேன்.

செக்காலை ரோட்டுக் கடை.
"அண்ணே, உங்களுக்கா?"
"வீட்ல இருக்கவகளுக்கு."
"மிக்ஸி அந்தப் பக்கம்."
"மரம் அறுக்க."
கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"ஆச்சி அறுப்பாகளா?"
"அறுப்பாக. நான் பிடிச்சுக்குவேன்."

அதற்கப்புறம் அவர் என்னிடம் மிக்ஸி பேசவில்லை.
மூன்று ஜிக்ஸாவை வரிசையாக வைத்தார்.
"என்ன மரம்?"
முனீஸ்வரன் கோயில் தெருவில்
பழைய சாமான் கடைகள் கழித்துப் போடும் பர்மா தேக்கு.
துண்டு துண்டாக எடை போட்டு வாங்கி
ஸ்கூட்டரில் என் மடியில் வைத்துக் கொண்டுவருவாள்.
"அப்ப பன்னெண்டு வோல்ட்டு அழுதுரும்ணே."

பதினெட்டைக் கையில் வாங்கினேன்.
மூன்று வருஷத்துக்கு முன்னால், கழனிவாசல் திருப்பத்தில்,
அதே ஸ்கூட்டர் சாய்ந்து
அவள் வலது மணிக்கட்டில் ஒரு தகடு, ஆறு ஸ்குரூ.
அட்டைப் பெட்டியில் வேகம் போட்டிருந்தது,
அறுக்கும் ஆழம் போட்டிருந்தது,
மணிக்கட்டைப் பற்றி எதுவும் போடவில்லை.
ஆகவே நானே கையை நீட்டித் தூக்கி நின்று
நூறு வரை எண்ணினேன்.
தொண்ணூறில் நடுங்கியது.
ஒட்டடைக் கம்பு வாங்க வந்தவர்
என்னை விட்டு ஓரடி தள்ளி நின்றுகொண்டார்.

"பேட்டரி அஞ்சு ஆம்பியர் எடுத்துக்கங்க.
பாதி நாள் ஓடும்."
"சின்னது?"
"ரெண்டு. இருபது நிமிஷம்தான். கனம் கம்மி."
இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை
அவள் உட்காரட்டும்.
"ரெண்டு," என்றேன்.
கடைக்காரருக்கு என்மேல் வைத்த மரியாதை
கொஞ்சம் குறைந்தது போலிருந்தது.

கல்யாண நாள் வியாழக்கிழமை.
காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்தடை,
மாதாந்திரப் பராமரிப்பு.
பிரித்தாள். பில்லைத்தான் முதலில் கேட்டாள்.
பிறகு பேட்டரியை உள்ளங்கையில் வைத்துத்
தூக்கிப் பார்த்தாள்.
"சின்னதா வாங்குனீக?"
"ம்."
"அன்னைக்கு டிரில்லப் பாதிதான் மாட்டி வச்சிருந்தீக.
க்ளிக்குன்னு சத்தம் வரணும்."

சத்தம் வந்தது.
புதுப் பேட்டரியில் ஒரே ஒரு கோடு வெளிச்சம்.
பலகையை ஸ்டூலில் வைத்தோம்.
நான் பிடித்துக்கொண்டேன்.
தேக்குத் தூள் என் முழங்கைவரை மிளகாய்ப்பொடி நிறத்தில் ஏற,
கத்தி பென்சில் கோட்டில் பாதி தூரம் போய்
ஒரு விக்கலோடு நின்றது.

டிரில்லின் பெரிய பேட்டரி
ஏணிக்குக் கீழேதான் இருந்தது.
நேற்று ராத்திரிதான் முழுசாகச் சார்ஜ் போட்டிருந்தாள்.
இதிலும் பொருந்தும்.
இருவருக்கும் தெரியும்.

அவள் தரையில் உட்கார்ந்தாள்,
மணிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு.
மணி பதினொன்று.
பலகையை நான் இன்னும் விடவில்லை.